அப்பச்சிக்குக் கோட்டு மாட்டிவிட்ட கதை

போன வாரம் அக்கா மகன் தேவகோட்டையிலேருந்து போன் பண்ணினான். அவங்க அப்பச்சிக்கு, அதாவது எங்க அத்தானுக்கு, அறுபது முடிஞ்சாச்சு. சாந்தி கல்யாணம் ஊருல நல்லபடியா நடந்தது. அடுத்தாப்ல ரெண்டு பேரையும் சிங்கப்பூருக்குக் கூட்டிட்டுப் போய், அங்கேருந்து நாலு ராத்திரி கப்பல்ல சுத்திக் காட்டணும்னு பயலுக்கு ஆசை. டிக்கெட்டெல்லாம் போட்டுட்டானாம். ஒரே ஒரு சந்தேகம்.

"அம்மான், ஒரு ராத்திரி ஃபார்மல் நைட்டுன்னு போட்டிருக்கான். அப்பச்சிக்குக் கோட்டு சூட்டு எடுக்கணுமா? உங்க வீட்டு முகப்புல ஐயா படம் மாட்டியிருக்கே, அதுல போட்டிருக்காகளே, அதே மாதிரி எடுத்துரவா?"

"எடுக்காதேடா"ன்னு பட்டுன்னு சொல்லிட்டேன்.

ஏன்னு கேட்டான். கடை வாசல்ல நின்னுக்கிட்டு போன்ல சொல்ற விஷயமா அது? "அப்புறம் சொல்றேன்"னு வச்சிட்டேன். அதைத்தான் இப்ப எழுதறேன். பதிமூணு பதினாலு வருஷமா மனசுல கிடக்கிற விஷயம், எழுதினாலாவது கொஞ்சம் லேசாகும்.

முதல்ல, கப்பல்ல போகாதவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இந்த மாதிரி சொகுசுக் கப்பல்கள்ல பகல் முழுக்க அரை டிராயர், பனியன்னு எப்படி வேணும்னாலும் திரியலாம். ஆனா பயணத்துல ஒண்ணு ரெண்டு ராத்திரிகளை மட்டும் 'ஃபார்மல் நைட்'னு ஒதுக்கி வச்சிருப்பாங்க. அன்னிக்குப் பெரிய சாப்பாட்டுக் கூடத்துக்கு வரணும்னா ஆம்பளைங்க கறுப்புக் கோட்டு, கழுத்துல போ டை, இல்லைன்னா நல்ல சூட்டு. பொம்பளைங்க நீளமான கவுன். கேப்டன் வந்து எல்லார்கிட்டயும் கைகுலுக்குவார். மாடிப்படி பக்கத்துல திரை கட்டி போட்டோக்காரங்க நிப்பாங்க. மறுநாள் அந்தப் படத்தை நம்மகிட்டயே விப்பாங்க. விலையைக் கேட்டா தலை சுத்தும் :-) கோட்டு போடப் பிடிக்கலையா, மேல் தளத்துல பஃபே இருக்கும், சாதாரணமாப் போய்ச் சாப்பிட்டுக்கலாம். யாரும் கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ள மாட்டாங்க.

இப்ப கதைக்கு வர்றேன்.

2012ல என் தம்பி சிங்கப்பூர்ல வேலையா இருந்தான். அப்பச்சிக்கு அப்ப எழுபத்தெட்டு வயசு. 1950ல, பதினாறு வயசுல, பினாங்குக்குப் பெட்டியடிப் பையனாப் போனவக. எங்க பக்கத்துல இந்த வார்த்தை தெரியாதவங்க இருக்க மாட்டாங்க. வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன். கொண்டுவிக்கப் போற கடையில மேலாள், அடுத்தாள்னு ஒரு வரிசை உண்டு. அதுல கடைசிப் படி பெட்டியடிப் பையன். கிட்டங்கியில கணக்குப் பெட்டிக்குப் பக்கத்துல தரையில சம்மணம் போட்டு உக்காந்து தொழில் கத்துக்கணும். அப்படிப் போனவகளை ஒரு தடவை மறுபடி கப்பல்லயே பினாங்குக்குக் கூட்டிட்டுப் போகணும்னு எனக்கும் தம்பிக்கும் ஆசை. சிங்கப்பூர்லேருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்புற கப்பல். ஆத்தாவும் கூட வந்தாக.

அப்பச்சி முதல்ல போனது ரஜூலாவுல. எஸ்.எஸ்.ரஜூலா. 1926ல ஸ்காட்லாந்துல கட்டின பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல். மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு நாற்பது வருஷத்துக்கு மேல ஓடினது. நம்ம பக்கத்து வீடுகள்ல பாதிப் பேரோட ஐயாக்களையும் அம்மான்களையும் சுமந்துக்கிட்டுப் போனது அதுதான். நாகப்பட்டினத்துல கப்பல் கரைக்கு வராது. நடுக்கடல்ல நிக்கும். படகுல போய் ஏறணும். டெக்கு டிக்கெட்டுன்னா படுக்கை கிடையாது. தகரப் பெட்டியைத் தலைமாட்டுல வச்சு, பாயை விரிச்சுப் படுத்துக்க வேண்டியதுதான். ராத்திரியில மேல் தளத்தை அண்ணாந்து பாத்தா, முதல் வகுப்பு வெள்ளைக்காரங்க கறுப்புக் கோட்டு போட்டுக்கிட்டு வெளிச்சத்துல நடமாடுறது தெரியுமாம். "சாப்பிடுறதுக்கு எதுக்குடா கோட்டு போடுறாங்கன்னு நாங்க பேசிக்குவோம்"னு அப்பச்சி சொல்லிச் சிரிப்பாக.

கீழேருந்து அண்ணாந்து பாத்த அந்த மனுஷரை மேல் தளத்துலயே உக்கார வைக்கப் போறேன்னு எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமையிலதான் புத்தி கெட்டுப்போச்சு.

கிளம்புறதுக்கு முந்தின நாள் சிங்கப்பூர் தேக்காவுல ஒரு கடைக்கு அப்பச்சியைக் கூட்டிட்டுப் போனேன். "எதுக்கு தம்பி இதெல்லாம்? நான்தான் மயில்கண் வேட்டி, துண்டு எல்லாம் எடுத்து வச்சிருக்கேனே"ன்னாக. கல்யாணம் காட்சிக்குன்னு பெட்டியில மடிச்சு வச்சிருந்த நல்ல வேட்டி அது. "அதெல்லாம் அங்க விட மாட்டாங்க அப்பச்சி. நாலு பேர் பாத்துச் சிரிப்பாங்க"ன்னு நான்தான் சொன்னேன். கப்பல்காரன் யாரும் சொல்லலை. நான் சொன்னேன். ரெடிமேடு கோட்டு, அதுக்கு ஒரு பேண்ட்டு, இடுப்புல நிக்க ஒரு பெல்ட்டு, காலைக் கடிக்கிற ஷூ. எழுபத்தெட்டு வருஷமா அவக பேண்ட்டே போட்டதில்லை.

பினாங்குல இறங்கினோம். அன்னிக்கு வேட்டிதான். தண்ணீர்மலைக்குப் போய் முருகனைக் கும்பிட்டோம். 1857ல நம்ம ஆளுக கட்டின கோயில். பழைய கிட்டங்கித் தெருவுல நடந்தோம். அப்பச்சி நடையே வேற மாதிரி இருந்தது. இந்தா இந்தக் கதவு, இந்தா இங்கதான் உக்காந்திருப்போம்னு காட்டிக்கிட்டே வந்தாக. "வேட்டி அழுக்கா இருந்தா மேலாள் கடைக்குள்ளயே விட மாட்டார். நம்ம வேட்டியைப் பாத்துத்தான் தம்பி நம்மளை நம்பினான், சீனனும் மலாய்க்காரனும் வெள்ளைக்காரனும்"னு சொன்னாக. அப்பவாவது எனக்கு உறைச்சிருக்கணும். உறைக்கலை.

மூணாம் நாள் ராத்திரி ஃபார்மல் நைட். நானும் தம்பியும் அப்பச்சியை ரெண்டு பக்கமும் பிடிச்சுக் கோட்டு மாட்டினோம். டை கட்டினோம். கண்ணாடியில ஒரு தடவை பாத்தாக, ஒண்ணும் சொல்லலை. ஆத்தா கூறைப்பட்டு மாதிரி கனமா ஒரு பட்டுச்சேலை கட்டி, வைரத்தோடு போட்டு வந்தாக. கூடத்துக்குள்ள நுழைஞ்சதும் பத்துப் பேராவது ஆத்தாகிட்ட வந்து சேலையைத் தொட்டுப் பாத்து, கூட நின்னு படம் எடுத்துக்கிட்டாங்க. அப்பச்சி பக்கத்துல விரலைக் கழுத்துப் பட்டைக்குள்ள விட்டு இழுத்துக்கிட்டே நின்னாக.

எங்களுக்கு அடுத்த மேசையில ஒரு மலாய்க் குடும்பம். பெரியவருக்கு அப்பச்சி வயசுதான் இருக்கும். பாஜு மெலாயு சட்டை, தலையில சொங்கோக், இடுப்பைச் சுத்தி முழங்கால் வரைக்கும் ஜரிகைத் துணி. ராஜா மாதிரி உக்காந்திருந்தார். அப்பச்சிக்குப் பழைய கடைத்தெரு மலாய் கொஞ்சம் ஞாபகம் இருந்தது. பேச ஆரம்பிச்சாங்க. செட்டின்னு தெரிஞ்சதும் பெரியவருக்கு ஒரே சந்தோஷம். சின்ன வயசுல அவங்க ஊருல பாத்த செட்டிக் கடையைப் பத்திச் சொன்னார். அப்புறம் அப்பச்சியை மேலேருந்து கீழே பாத்துட்டு ஏதோ கேட்டார். அப்பச்சி பதில் சொல்லாம தலையைக் குனிஞ்சுக்கிட்டாக.

"என்ன கேட்டார் அப்பச்சி?"

"உங்க வெள்ளைத் துணி எங்கேன்னு கேட்டார்."

அதுக்கப்புறம் அப்பச்சி சரியாச் சாப்பிடலை. கேபினுக்கு வந்து முதல் வேலையா டையை உருவினாக. என்னைத் திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை. "வெள்ளைக்காரன் ஆண்ட காலத்துலயே அவன் பாங்குக்கு வேட்டியோட போய் நின்னிருக்கேன் தம்பி"ன்னு மட்டும் சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டாக.

எனக்குத் தூக்கம் வரலை. தினமும் கேபின்ல ஒரு தாள் வைப்பாங்க, மறுநாள் நிகழ்ச்சி நிரல். அன்னிக்கு உள்ளதை எடுத்து மறுபடி படிச்சேன். டிரஸ் கோட் பகுதியில முதல் வரி கோட்டு, டை. காலையில அதோட நிறுத்தியிருந்தேன். ரெண்டாவது வரியில அச்சடிச்சிருந்தது: அல்லது உங்கள் நாட்டின் முறையான உடை.

அவ்வளவுதான் விஷயம். கப்பல் வேட்டியைத் தடுக்கலை. நான் தடுத்தேன்.

இதைப் படிச்சிட்டு, டிரஸ் கோடே வேண்டாம்னு நான் சொல்ல வர்றதா நினைச்சுக்காதீங்க. காசு கொடுத்திருக்கேன், என் இஷ்டத்துக்கு வருவேன்னு சொல்றவங்களோட நான் சேர மாட்டேன். ஒரு ராத்திரி எல்லாருமாச் சேர்ந்து கொஞ்சம் நல்லா உடுத்திக்கிட்டு உக்காந்து சாப்பிடலாம்னு சொல்றதுல என்ன தப்பு? நம்ம ஊர்ல இல்லாத டிரஸ் கோடா? கோயில்ல எந்த இடத்துல சட்டையைக் கழட்டணும், துண்டை எப்ப இடுப்புல கட்டணும், கல்யாணத்துல யார் என்ன உடுத்தணும், துக்க வீட்டுக்கு எப்படிப் போகணும்னு அத்தனையும் நமக்கு எழுதாத சட்டம். அரை டிராயரோட ஒருத்தன் திருப்பூட்டுற நேரத்துல வந்து முன்னால நின்னா நாம சும்மா விடுவோமா? உடுப்பு மரியாதைங்கிறது வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சது இல்லை.

என் கேள்வி வேற. மரியாதையான உடுப்புன்னா அது கோட்டு மட்டும்தான்னு நமக்கு யார் சொன்னது?

அந்தக் கறுப்பு டின்னர் கோட்டோட கதையைப் பாருங்க. 1865ல இங்கிலாந்து இளவரசர் (பின்னாடி ஏழாம் எட்வர்டு ஆனவர்) லண்டன்ல ஹென்றி பூல் தையல் கடையில வால் இல்லாத குட்டைக் கோட்டு ஒண்ணு தைக்கச் சொன்னார். எதுக்கு? பண்ணை வீட்டுல சம்பிரதாயம் இல்லாம ஹாய்யா உக்காந்து சாப்பிட. பெரிய விருந்துன்னா வால் வச்ச கோட்டுதான் அப்ப முறை. 1886 வாக்குல அது அமெரிக்காவுல டக்ஸீடோ பார்க்குங்கிற இடத்துல பரவி, அந்த ஊர்ப் பேரே கோட்டுக்கும் ஒட்டிக்கிச்சு. ஆக, இன்னிக்கு நாம உச்சபட்ச மரியாதைன்னு பயந்து நடுங்குற உடுப்பு, பிறக்கும்போது வீட்டு உடுப்பு!

சரி, உலகத்துலேயே கண்டிப்பான ராத்திரி விருந்து எது? ஸ்டாக்ஹோம்ல நடக்கிற நோபல் பரிசு விழாவைச் சொல்லலாம். அங்க ஆம்பளைங்களுக்கு வால் கோட்டும் வெள்ளை டையும் முறை. ஆனா தேசிய உடைக்கும் இடம் உண்டு. 2019 டிசம்பர்ல அபிஜித் பானர்ஜி பொருளாதாரப் பரிசு வாங்கினப்போ மேல கழுத்து மூடின கறுப்புக் கோட்டு, கீழ கரை போட்ட வேட்டி. ஸ்வீடன் ராஜா கையால வாங்கினார். அவர் மனைவி, கூடப் பரிசு வாங்கின எஸ்தர் டுஃப்லோ பிரெஞ்சுக்காரங்க. அவங்க சேலையில வந்தாங்க. யார் சிரிச்சாங்க?

கப்பல்லயும் இதே கதைதான். கியூனார்டு மாதிரியான பழைய பிரிட்டிஷ் கம்பெனி இன்னமும் கறுப்புக் கோட்டு ராத்திரிகளை விடாம நடத்துது. அவங்ககூட முறையான தேசிய உடையை ஏத்துக்கிறாங்க. ஸ்காட்லாந்துக்காரர் முட்டி தெரியுற கில்ட்டோட கம்பீரமா வந்து உக்காருவார். நார்வீஜியன் கம்பெனி 2000லேயே கட்டாய ஃபார்மல் நைட்டை எடுத்துட்டு, இஷ்டப்படி வாங்கன்னு சொல்லிருச்சு. சட்டம் போட்டவனே இவ்வளவு இறங்கி வந்தாச்சு. நாமதான் இன்னும் ஏறி நிக்கிறோம்.

ஏறி நிக்கிறோம்னு சும்மா சொல்லலை. 2014 ஜூலை 11 ஞாபகம் இருக்கா? சென்னை சேப்பாக்கத்துல தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தோட கிளப்புல ஒரு புத்தக வெளியீடு. அழைப்பின் பேர்ல வந்த உயர்நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை, வேட்டி கட்டியிருக்கார்ங்கிற ஒரே காரணத்துக்காக வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்பினாங்க. தமிழ்நாட்டுத் தலைநகரத்துல, தமிழ் ஆளுக. வெள்ளைக்காரன் போய் அறுபத்தேழு வருஷம் கழிச்சு. சட்டசபையில பெரிய விவாதமாகி, அடுத்த மாசமே ஜெயலலிதா அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. வேட்டி கட்டினவரைப் பொது இடத்துலயோ கிளப்புலயோ தடுத்தா ஓராண்டு வரைக்கும் ஜெயில், 25,000 ரூபாய் வரைக்கும் அபராதம், கிளப்போட உரிமமும் ரத்தாகலாம்.

அந்தச் செய்தியைப் பேப்பர்ல வாசிச்சிட்டு அப்பச்சி என்னை ஒரு பார்வை பாத்தாக பாருங்க. அந்தச் சட்டம் 2012ல இருந்து, அது கப்பலுக்கும் செல்லும்னா, உள்ள போயிருக்க வேண்டியவன் நான்தான் :-(

ஆனா சட்டத்தால ஆகிற காரியமா இது? வாசல்காரன் கையைச் சட்டம் பிடிக்கும். பெத்த மகன் வாயைப் பிடிக்குமா? சிங்கப்பூர்ல கிளம்பின கப்பல் ஏதோ ஒரு நாட்டுக் கொடியைக் கட்டிக்கிட்டுப் போகும், அதுக்கு நம்ம சட்டசபை எந்த மூலைக்கு? நமக்குள்ள இருக்கிற கூச்சம் போனாத்தான் உண்டு.

இன்னொண்ணும் யோசிச்சுப் பாத்தேன். ஆத்தா சேலையைப் பத்தி எங்களுக்கு ஒரு நிமிஷம்கூடச் சந்தேகம் வரலை. கவுன் எடுக்கணுமான்னு யாரும் கேக்கலை. உலகத்துல எந்த விருந்துக்கும் சேலை போதும்னு நமக்கே தெரியும். ஏன்னா நம்ம பொம்பளைங்க எந்தக் கப்பல்ல ஏறினாலும் சேலையை விடலை. பாத்துப் பாத்து உலகம் பழகிருச்சு. ஆம்பளைங்க நாம விமானம் ஏறும்போதே வேட்டியைக் கழட்டிப் பெட்டிக்குள்ள வச்சாச்சு. பாக்காத உடுப்பை எவன் மதிப்பான்? நம்ம கண்டனூர் சிதம்பரம் டெல்லியில வேட்டி சட்டையோட நின்னு பட்ஜெட் வாசிச்சார். நாடாளுமன்றத்துக்கு ஒண்ணும் மரியாதை குறைஞ்சிடலையே.

சிலர் உடனே காந்தியைச் சொல்லுவாங்க. 1931ல முழங்கால் துணியோட பக்கிங்ஹாம் அரண்மனைக்குள்ள போனவராச்சே. உண்மைதான். ஆனா அது போராட்டம். நான் சொல்றது விருந்து. கப்பல்ல போய்ப் போராட வேண்டியதில்லை. நம்மகிட்டயே நல்ல உடுப்பு இருக்கும்போது இரவல் உடுப்பு எதுக்குங்கிறதுதான் பேச்சு.

ஊருக்குத் திரும்பினப்புறம் ஒரு நாள் முகப்புல உக்காந்திருந்தேன். சுவத்துல வரிசையாப் படங்கள். எங்க பாட்டையா படம், பர்மாவுல தொழில் பண்ணினப்போ ஸ்டூடியோவுல எடுத்தது. தலையில ஜரிகைத் தலைப்பாகை. கழுத்து வரைக்கும் பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டு. கீழே? பளிச்சுன்னு வேட்டி. காலுல ஷூ. நம்ம பக்கத்துப் பெரிய வீடுகள்ல போய்ப் பாருங்க, இந்த மாதிரி பத்துப் படமாவது இருக்கும். ஃபார்மல் நைட் பிரச்சினைக்கு நூறு வருஷத்துக்கு முன்னாடியே அவக தீர்வு கண்டுபிடிச்சு ஆணியடிச்சு மாட்டி வச்சிருக்காக. தினமும் அதுக்குக் கீழே செருப்பைக் கழட்டிட்டுப் போற எனக்குத்தான் தெரியலை.

அந்த வரிசையில கடைசியா இருக்கிறதுதான் கப்பல்ல எடுத்த அப்பச்சி படம். 2019ல அப்பச்சி சிவபதவி அடைஞ்சப்போ தம்பி பெருசு பண்ணி மாட்டினான். வர்றவங்க எல்லாம் "கோட்டு சூட்டுல என்ன கம்பீரமா இருக்காக"ன்னு சொல்லுவாங்க. நான் தலையாட்டிட்டு நகர்ந்துருவேன். எனக்கு மட்டும் அந்தப் படத்துல கழுத்துப் பட்டைதான் தெரியும்.

அதனால மாப்பிள்ளை, உனக்கு நான் சொல்றது இதுதான். கோட்டு எடுக்காதே. கப்பல் கம்பெனிக்கு ஒரு மெயில் போடு. இந்த மாதிரி எங்க நாட்டு முறையான உடை வேட்டி, அதுல வருவோம், சரியான்னு கேளு. வேணும்னா அபிஜித் பானர்ஜி படத்தையும் சேர்த்து அனுப்பு. கப்பலுக்குக் கப்பல் விதி மாறும், அதனால கேட்டுக்கிறது நல்லது. பதில் வந்ததும் பிரிண்ட் எடுத்துக் கையில வச்சுக்கோ. ஒருவேளை முடியாதுன்னா, அத்தானைக் கேளு. அவருக்கு இஷ்டம்னா கோட்டு போடட்டும், இல்லைன்னா மேல் தளத்துல நிம்மதியாச் சாப்பிடட்டும். உன் கூச்சத்துக்காக அவர் கழுத்துல டை கட்டாதே.

பெட்டியில நல்ல மயில்கண் வேட்டி ரெண்டு வை. வெள்ளைச் சட்டை முழுக்கைக்குக் கஞ்சி போட்டுத் தேய்ச்சு வை. கப்பல் மேல் தளத்துல காத்து பிச்சுக்கிட்டுப் போகும், அதனால இடுப்புக்குப் பெல்ட்டு, இல்லைன்னா ஒட்டிக்கோ வேட்டி. கூடத்துக்குள்ள மடிச்சுக் கட்டக் கூடாதுன்னு அத்தான்கிட்ட முன்கூட்டியே சொல்லி வை, அவருக்கு அந்தப் பழக்கம் உண்டு :-)

போட்டோக்காரன் என்ன விலை சொன்னாலும் அந்தப் படத்தை மட்டும் வாங்கிரு. ஒரு பிரதி எனக்கும் அனுப்பு. முகப்புல அப்பச்சி படத்துக்குப் பக்கத்துல ஒரு ஆணி அடிச்சு வச்சிருக்கேன்.